ஒஸ்லோவின் டெய்க்மான் நூலகம்: ஒரு கொழும்பு வாசகியின் மதிப்புரை

கொழும்பிலிருந்து நோர்வேயில் உள்ள உறவினரைப் பார்க்கப் போகும் நம்மவர்களின் நாட்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் கழிகின்றன. வந்த களை ஆறுவதற்குள் ஒரு பிறந்தநாள் விழா, அடுத்த கிழமை ஒரு பூப்புனித நீராட்டு விழா, இடையில் கோயில், கடை, பனி பார்க்க ஒரு நாள் மலைக்குப் பயணம் என்று ஆறு வாரமும் போய்விடும். கடந்த ஐப்பசியில் தங்கையின் மகள் வீட்டுக்குப் போன நானும் அப்படியே திரும்பியிருப்பேன். ஆனால் அந்த வீட்டில் எல்லாரும் காலை 7 மணிக்கே வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் புறப்பட்டுவிடுவார்கள். பூட்டிய வீட்டுக்குள் பெரியம்மா பகல் முழுவதும் தனியே இருக்கிறாவே என்று கவலைப்பட்ட அந்தப் பிள்ளை, மூன்றாம் நாள் என்னை ஒஸ்லோ மத்திய ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள நகர நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அதன்பின் 18 நாட்கள் அங்கே போனேன். அந்த நகரத்துக்குப் போக எண்ணியிருப்பவர்களுக்கும், இங்கே ஒரு நூலகத்தை நடத்தும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் வாசலைக் கடந்ததும் நான் செய்தது, தோளிலிருந்த பையைக் கழற்றி யாரிடம் கொடுப்பது என்று தேடியதுதான். பையை வாங்கி எண் பொறித்த வில்லை தரும் மேசை எங்கேயும் இல்லை. பெயரும் முகவரியும் வந்த நேரமும் எழுதும் கொப்பி இல்லை. கடவுச்சீட்டைக் கையில் எடுத்து வைத்திருந்தேன், அதையும் கேட்பாரில்லை. மகள் என் தடுமாற்றத்தைப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, பையை ஆரிட்டக் குடுக்கப் பாக்கிறியள்? இங்கை ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம். விருப்பமான இடத்தில போய் இருங்கோ, நான் நாலு மணிக்கு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒரு பொதுக் கட்டடத்துக்குள், எதற்காக வந்தேன் என்பதை ஒருவருக்கும் விளக்காமல், முழுப் பகலும் நான் இருந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு வயது 67. முப்பது ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தவள்.

நூலகத்தின் பெயர் டெய்க்மான். அது கட்டடம் ஒன்றின் பெயரன்று, ஒஸ்லோ மாநகரத்தின் முழு நூலக அமைப்புக்கும் உரிய பெயர். நகரெங்கும் உள்ள கிளைகளுக்கும் அதுவே பெயர். நான் சொல்லும் கட்டடம் பியோர்விக்கா என்ற துறைமுகப் பகுதியில் இருக்கும் தலைமை நூலகம். 2020 ஜூன் 18 ஆம் திகதி, பெருந்தொற்று சற்றே தணிந்திருந்த வேளையில், திட்டமிட்டதற்குச் சில மாதங்கள் பிந்தித் திறக்கப்பட்டது. லுண்ட்ஹாகெம், அத்தெலியே ஒஸ்லோ ஆகிய இரண்டு கட்டடக்கலை நிறுவனங்கள் சேர்ந்து இதை வடிவமைத்தன. அடுத்த ஆண்டே, உலகின் சிறந்த புதிய பொது நூலகத்துக்கான சர்வதேச விருது இதற்குக் கிடைத்தது. மூன்று பக்கங்களிலிருந்தும் உள்ளே வரலாம். மேல்மாடி ஒபெரா மாளிகையின் பக்கமாக, கீழே தூண் எதுவும் இல்லாமல், தாழ்வாரம் போல வெளியே நீண்டு நிற்கிறது. மழைக்கு ஒதுங்குகிறவர்களும் பேருந்துக்குக் காத்திருப்பவர்களும் அதன் கீழே நிற்கிறார்கள். குளிர் கூடினால் அப்படியே உள்ளே வந்துவிடுகிறார்கள். உள்ளே வந்தவர்கள் வாசகராக மாறினாலும் சரி, மாறாவிட்டாலும் சரி, அவர்களை யாரும் கலைப்பதில்லை.

கூரையிலிருந்து மூன்று ஒளிக்கிணறுகள் சாய்வாக மாடிகளை ஊடறுத்துக் கீழே இறங்குகின்றன. எந்த மாடியில் நின்றாலும் வேறு இரண்டு மாடிகளில் ஆட்கள் நடப்பது தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே பகல் நாளுக்கு நாள் குறுகிக்கொண்டு போகும். நான் புறப்படும் காலத்தில் மாலை 4 மணிக்கே இருட்டிவிட்டது. அந்த நேரத்தில் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வரும்போது, சுவர் முழுவதும் கண்ணாடியாக உள்ள இந்தக் கட்டடம், திரி தூண்டிய பெரிய விளக்கு ஒன்றைத் துறைமுகத்தில் இறக்கி வைத்ததுபோல் ஒளிர்ந்து கொண்டிருக்கும். வேலை முடிந்தவர்கள் நேரே வீட்டுக்குப் போகாமல் அந்த வெளிச்சத்தை நோக்கி நடப்பதைப் பல நாட்கள் பார்த்தேன்.

நூல்களைப் பற்றி முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என்னை அங்கே நிற்க வைத்தவை நூல்கள் மட்டுமல்ல. நிலத்தடியில் திரைப்பட அரங்கும் கூட்ட மண்டபமும் இருக்கின்றன. சிறுவருக்கு ஒரு பெரும் பகுதி. அதில் தரையெல்லாம் மெத்தை. வேறொரு மாடியில் தையல் இயந்திரங்கள், முப்பரிமாண அச்சு இயந்திரங்கள், ஒலிப்பதிவு அறைகள். ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் அந்தத் தையல் இயந்திரங்களுக்கு அருகே அமர்ந்து, ஆபிரிக்கத் தோற்றமுள்ள ஒரு முதியவர் கருநீல யன்னல் சீலை ஒன்றுக்கு மடிப்பு ஓட்டம் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணி நீளமானது, இயந்திரத்தின் பின்னால் விழுந்து தரையில் சுருண்டது. ஒரு பக்கத்தை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, மடிப்பைப் பெருவிரல் நகத்தால் அழுத்திக்கொண்டே நீளம் முழுவதும் பார்த்தார். ஓரிடத்தில் ஓட்டம் கோணியிருந்தது. அவ்வளவையும் பிரித்து மறுபடி தைத்தார். பக்கத்தில் இருந்த இளம் நூலகர் கத்தரிக்கோலை நீட்டினார், அவ்வளவுதான். இது நூலகத்துக்கு உரிய வேலையா என்று சிலர் கேட்கலாம். அந்த முதியவர் போகும்போது தையல் தொடர்பான படப்புத்தகம் ஒன்றை இரவல் எடுத்துக்கொண்டு போனார். அந்த மாடிக்கு அவரைப் புத்தகம் கொண்டுவரவில்லை; சீலைதான் கொண்டுவந்தது.

"அவர்களிடம் எண்ணெய்க் காசு இருக்கிறது, கட்டுகிறார்கள்" என்று இந்தக் கதையைக் கேட்ட என் நண்பர்கள் இருவர் சொன்னார்கள். கட்டடத்தைப் பொறுத்தவரை அது சரி. கட்டடத்துக்கு உள்ளே நடப்பதற்கு அது பதிலாகாது. இரும்புத் தொழிலில் செல்வம் சேர்த்த கார்ல் டெய்க்மான் என்பவர் 1780 இல் இறந்தபோது, தாம் சேர்த்த சுமார் 6,000 நூல்களைப் பொதுமக்கள் பயன்படுத்தவேண்டும் என்று உயில் எழுதி நகரத்துக்கு விட்டுச் சென்றார். அந்த நூல்களைக் கொண்டு 1785 இல் நூலகம் திறக்கப்பட்டது. அப்போது நகரத்தின் பெயர் கிறிஸ்தியானியா. நாடு டென்மார்க் முடியின் கீழ் இருந்தது. அடுத்த நூற்றாண்டில் தொடங்கி ஏறத்தாழ 8 லட்சம் பேர் பிழைப்புத் தேடி அந்த நாட்டை விட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். ஊரை விட்டுப் போவது என்றால் என்ன என்பது அவர்களுக்கும் தெரியும். முதலாவது நூலகச் சட்டம் 1935 இல் வந்தது. நூலகத்தில் தம் நூல்கள் இரவல் போவதற்காக எழுத்தாளருக்கு ஈட்டுத்தொகை கொடுக்கும் ஏற்பாடு 1947 இல் வந்தது. புதிய நோர்வேஜிய இலக்கிய நூல்களில் ஆயிரம் பிரதிகளை அரசே வாங்கி நூலகங்களுக்கு அனுப்பும் திட்டம் 1965 இல் தொடங்கியது. வடகடலில் பெரும் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது 1969 இன் கடைசியில். வரிசையைப் பாருங்கள்: நூலகத்துக்கு வேண்டிய மனம் முதலில் வந்தது, பணம் பிறகுதான் வந்தது.

இப்போது நடைமுறையில் இருக்கும் சட்டம் 1985 இல் இயற்றப்பட்டது. ஒவ்வொரு உள்ளூராட்சிப் பிரிவும் ஒரு பொது நூலகத்தை வைத்திருக்க வேண்டும், நூலகத் துறையில் பயிற்சி பெற்ற ஒருவர் அதற்குத் தலைமை தாங்க வேண்டும், இரவலுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பவை அதன் அடிப்படைகள். 2014 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், நூலகம் சுயாதீனமான சந்திப்பு இடமாகவும் பொது உரையாடலுக்கும் விவாதத்துக்கும் உரிய களமாகவும் இருக்க வேண்டும் என்பதைச் சட்டத்தின் நோக்கங்களில் சேர்த்தது. இதை நான் வெறும் வாசகமாக எண்ணியிருந்தேன். ஒரு மாலை கீழ்த்தளத்தில் நகரத்தின் வாடகை வீடுகள் குறித்து ஒரு விவாதம் நடந்தது. எனக்கு மொழி விளங்கவில்லை. ஆனால் மேடையில் இருந்தவர்களைவிடக் கதிரைகளில் இருந்தவர்கள் அதிக நேரம் பேசினார்கள் என்பது மொழி தெரியாமலே விளங்கியது.

இனி, தமிழ் வாசகர் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று. நோர்வேயில் பல்மொழி நூலகம் என்று ஒரு தனிச் சேவை உண்டு. நெடுங்காலம் டெய்க்மானின் ஒரு பகுதியாக இருந்த அது, 2017 இல் தேசிய நூலகத்தின் பொறுப்புக்கு மாறியது. அங்கே குடியேறி வாழும் மக்களின் மொழிகளில் நூல்களை வாங்கி, நாட்டின் எந்த மூலையில் உள்ள நூலகம் கேட்டாலும் அனுப்பிவைப்பது அதன் பணி. அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. 1956 இல் யாழ்ப்பாணத்திலிருந்து போன அந்தோனி இராஜேந்திரம் என்ற ஒருவரோடு தொடங்கிய தமிழ்க் குடியேற்றம், மீன்பிடி ஊர்கள் வரை பரவிய ஒரு சமூகமாக வளர்ந்திருக்கிறது. வடக்கே கடலோரச் சிற்றூரில் மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர் அந்த ஊர் நூலகத்தில் சொல்லிவைத்தால், தமிழ் நாவல் அஞ்சலில் வந்து சேர்கிறது, அதுவும் இலவசமாக. இதை முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை.

மகளின் அட்டையில் இரண்டு தமிழ் நூல்களை எடுப்பித்தேன். ஒன்று சிறுவர் கதைப் புத்தகம். தடித்த பிளாஸ்டிக் உறை போட்டு, முதுகில் சிறு சீட்டு ஒட்டி, பின்னட்டையின் உட்புறத்தில் இலத்திரன் அடையாளச் சதுரம் பதித்து, மிக நேர்த்தியாக வைத்திருந்தார்கள். உள்ளே பத்தாம் பக்கத்தில் ஒரு பிள்ளை பென்சிலால் ழகரத்தை எழுதிப் பழகியிருந்தது. முதலாவது ழ வலமிருந்து இடமாகப் போயிருந்தது, இரண்டாவதில் கால் இல்லை, ஐந்தாவது திருந்தியிருந்தது. அதற்குக் கீழே வேறொரு கை, தாயினுடையதாக இருக்க வேண்டும், சிறியதாக ஒரு சரி அடையாளம் போட்டிருந்தது. நூலகப் புத்தகத்தில் கிறுக்குவது தவறு என்று முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்தப் பக்கத்தை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கேட்டால் அனுப்பும் முறை, கேட்கத் தெரிந்தவருக்குத்தான் உதவும். அங்கே பிறந்த நம் பிள்ளைக்கு எந்த எழுத்தாளரைக் கேட்பது என்று தெரியாது. தட்டில் கைவிட்டுத் துழாவும்போது தற்செயலாக அகப்படும் புத்தகம்தான் ஒரு பிள்ளையை வாசகராக்கும் என்பது என் அனுபவம். ஆகவே தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த புறநகர்க் கிளைகளில், கண்ணில் படும் உயரத்தில், அடிக்கடி மாறும் தமிழ்த் தட்டு ஒன்று இருப்பது அஞ்சலில் வரும் நூறு புத்தகங்களை விடப் பெறுமதியானது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளும் நூலகர்களும் சேர்ந்தால் இதைச் செய்யலாம். கிளை நூலகத்திடம் போய் எழுத்தில் கேட்பதற்குப் பெற்றோர் தயங்கவேண்டியதில்லை. கட்டடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: மாடிகள் ஒன்றையொன்று பார்த்துத் திறந்திருக்கும் இந்த அமைப்பில் ஒலியும் ஏறி இறங்கும். அமைதியாக வாசிக்க விரும்புபவர் நேரே மேல்மாடிக்குப் போய்விடுவது நல்லது.

பிப்லோ என்ற கிளையைப் பற்றி நான் கண்ணால் பார்த்ததை எழுத முடியாது, ஏனென்றால் என்னை உள்ளே விட மாட்டார்கள். தோயன் என்ற, பல நாட்டவர் கலந்து வாழும் பகுதியில் 2016 இல் திறக்கப்பட்ட இந்த நூலகம் 10 வயது முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்கு மட்டும் உரியது. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இடமில்லை. மகளின் மகனுக்கு 11 வயது. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, திரும்பியும் பார்க்காமல் உள்ளே ஓடிவிட்டான். நான் பக்கத்தில் இருந்த பெரியவர்களுக்கான கிளையில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். வெளியே வந்தவன், உள்ளே ஒரு பழைய லொறியைச் சமையலறையாக மாற்றி வைத்திருப்பதையும், "உங்கட ஊர் ஓட்டோ மாதிரி ஒண்டு" இருப்பதையும், அதற்குள் ஏறி இருந்து வாசித்ததையும் சொன்னான். என்ன வாசித்தாய் என்று கேட்டேன். அதை மட்டும் சொல்லவில்லை. பெரியவர்கள் கண்காணிக்காத ஓரிடத்தில் வாசித்ததை அவன் தன்னுடைய சொத்தாக வைத்துக்கொண்டான். பிள்ளைகளிடம் எதை வாசித்தார்கள் என்று கேட்டுக் கேட்டே வாசிப்பைப் பாடமாக்கிவிட்டோமோ என்று அன்று இரவு நெடுநேரம் யோசித்தேன்.

தலைமை நூலகத்தைச் சுற்றியுள்ள மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008 இல் திறக்கப்பட்ட ஒபெரா மாளிகை நூலகத்துக்கு எதிரே, நீருக்குள் பாதி இறங்கியதுபோல் நிற்கிறது. ஸ்னோஹெட்டா நிறுவனத்தின் வடிவமைப்பு. அதன் வெள்ளைப் பளிங்குக் கூரை நிலத்திலிருந்தே சாய்வாக எழுவதால், யாரும் எந்நேரமும் அதன்மேல் நடந்து ஏறலாம். சீட்டு இல்லை, வாயில் இல்லை. மாலையில் காலிமுகத் திடலில் நாம் காற்று வாங்குவதுபோல் அவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஈரமான நாளில் கல் வழுக்கும், முதியவர்கள் கவனமாக இருக்க வேண்டும். உள்ளே முன்மண்டபத்தில் கருவாலி மரத்தால் அலைபோல் வளைந்த ஒரு பெருஞ்சுவர் உண்டு. அதைச் செய்தவர்கள் படகு கட்டும் தச்சர்கள். வல்வெட்டித்துறைக் காரர் எவராவது அதைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுவார். சற்றுத் தள்ளி, 2021 இல் திறக்கப்பட்ட 13 மாடி முங்க் அருங்காட்சியகம். ஓவியர் எட்வர்ட் முங்க் தம் படைப்புகளை நகரத்துக்கு உயிலாக எழுதிவைத்தார். டெய்க்மான் தொடக்கிவைத்த வழக்கம்தான். 'அலறல்' ஓவியத்தின் வெவ்வேறு வடிவங்களை, வெளிச்சம் பட்டுப் பழுதாகாதபடி, மாற்றி மாற்றி ஒன்றை மட்டுமே காட்டுகிறார்கள். அங்கே நுழைவுக் கட்டணம் உண்டு. ஓவியத்தில் ஆர்வமுள்ளவருக்கு அது வீண்போகாது. 2022 இல் திறந்த தேசிய அருங்காட்சியகம் மிகப் பெரியது, ஒரு நாளில் அடங்காது.

தேசிய நூலகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட என்னால் முடியவில்லை. சொல்லி பிளாஸ் என்ற இடத்தில் இருக்கும் அந்தப் பழைய கட்டடத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை தனியே ட்ராமில் போனேன். நோர்வேயில் வெளியான நூல்கள் அனைத்தையும் எண்மப்படுத்தும் பணியை அவர்கள் 2006 இல் தொடங்கினார்கள். உரிமையாளர் அமைப்போடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பதிப்புரிமை உள்ள நூல்களையும் 2000 ஆம் ஆண்டு வரை வெளியானவற்றிலிருந்து தொடங்கி, நாட்டுக்குள் இருக்கும் எவரும் வீட்டுக் கணினியிலேயே வாசிக்க வழிசெய்தார்கள். மூலப் பிரதிகள் ஆர்க்டிக் வட்டத்தை அண்டிய மோ இ ரானா என்ற ஊரில், மலையைக் குடைந்து அமைத்த களஞ்சியத்தில் இருக்கின்றன. நெருப்பும் வெள்ளமும் போரும் எட்டாத இடம் அது.

வாசிப்பு அறையில் அதைப் பற்றிய குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு 1981 நினைவுக்கு வராமல் இருக்க வழியில்லை. மே 31 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. ஏடுகளும் வேறு எங்கும் பிரதி இல்லாத நூல்களும் அவற்றில் இருந்தன. அந்த நூலகமும் ஒரு மனிதரின் வீட்டில்தான் தொடங்கியது. 1933 இல் க. மு. செல்லப்பா தம்மிடம் இருந்த நூல்களை அயலவர் வாசிக்கத் திறந்துவைத்தார். டெய்க்மானின் உயிலுக்கும் செல்லப்பாவின் வீட்டு அறைக்கும் இடையே எண்ணத்தில் வேறுபாடு இல்லை. வேறுபாடு பிறகு நடந்தவற்றில் இருக்கிறது. 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளம் இன்று நம்முடைய மலைக் களஞ்சியமாக இருக்கிறது. வீட்டில் பழைய சிறுசஞ்சிகையோ கோயில் மலரோ வைத்திருப்பவர்கள், அவற்றைக் கறையானுக்குக் கொடுக்காமல் மின்வருடலுக்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கொழும்பில் நமக்கு ஒன்றும் இல்லாமல் இல்லை. கொழும்புப் பொது நூலகம் 1925 இல் தொடங்கி, 1980 முதல் விகாரமகாதேவிப் பூங்காவை அண்டிய இப்போதைய கட்டடத்தில் இயங்குகிறது. என் கணவரும் நானும் அதன் அங்கத்தவர்களாக இருந்தே பிள்ளைகளை வளர்த்தோம். வெள்ளவத்தையில் 1942 இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தில் நான் படித்த அளவுக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்திருக்க மாட்டேன். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன், இந்நகரத்து நூலகம் ஒன்றில், தோட்டப்புறத்திலிருந்து வந்து கடையொன்றில் வேலை செய்த என் பழைய மாணவி ஒருத்தி, பிணை நிற்பதற்குக் கொழும்பு வாசி எவரும் இல்லை என்ற காரணத்தால் அங்கத்துவம் பெறாமல் திரும்பி வந்தாள். கிராம அலுவலரின் சான்றிதழுக்கு அலையக் கடையில் விடுமுறை கொடுக்கவில்லை. உள்ளே இருந்து வாசிக்கலாமே என்று கேட்டதற்கு, என்ன தேவைக்கு என்று கேட்டார்களாம். அவளுக்குத் தேவை என்று ஒன்றும் இல்லை. வாசிக்க விருப்பம் இருந்தது, அவ்வளவே. அவள் பிறகு எந்த நூலகத்துக்கும் போகவில்லை.

டெய்க்மானின் கிளைகள் பலவற்றில், ஊழியர்கள் வருவதற்கு முன்னும் போன பின்னும், அங்கத்தவர் தம் அட்டையைக் காட்டிக் கதவைத் தாமே திறந்து உள்ளே போகலாம். புத்தகங்கள், கணினிகள், கதிரைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. இந்த ஏற்பாட்டைப் பற்றி அங்குள்ள நூலகர் ஒருவரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன், களவு போகாதா என்று. சில போகும் என்றார். வாசகர் வராமல் போவதோடு ஒப்பிட்டால் அது சிறிய இழப்பு என்றார். நாம் அந்த அளவுக்குப் போக வேண்டாம். பை வாங்கும் மேசையை எடுத்துவிடலாம். பிணைக் கையொப்பத்துக்குப் பதிலாகத் தொழில் இடத்தின் கடிதத்தை ஏற்கலாம். ஞாயிறு பிற்பகலில், கடை ஊழியர்களுக்கும் வீட்டு வேலைக்காரருக்கும் ஓய்வு கிடைக்கும் அந்த நான்கு மணி நேரத்தில், தமிழ்ப் பகுதியைத் திறந்து வைக்கலாம். இவற்றுக்குப் பளிங்கும் வேண்டாம், வடகடல் எண்ணெயும் வேண்டாம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மத்திய ரயில் நிலையத்திலிருந்து கடல் பக்கமாக வெளியே வந்தால் ஐந்து நிமிட நடை. தண்ணீர்ப் போத்தலும் சாப்பாட்டுப் பெட்டியும் கொண்டு போங்கள், அந்நகரத்தில் ஒரு தேநீரின் விலை நம் ஊரில் ஒரு நேரச் சாப்பாட்டின் விலையை மிஞ்சும். அறிவிப்புகள் பெரும்பாலும் நோர்வேஜிய மொழியில் இருந்தாலும் ஊழியர்கள் எல்லாரும் ஆங்கிலம் பேசுகிறார்கள், கேட்டால் கூடவே நடந்து வந்து தட்டைக் காட்டுகிறார்கள். பல்மொழி நூலகத்தின் தமிழ் நூல் வேண்டுமென்றால் உறவினரிடம் முன்கூட்டியே சொல்லி எடுப்பித்து வையுங்கள், வந்து சேரச் சில நாட்களாகும்.

திரும்புவதற்கு முந்திய சனிக்கிழமை, பேரனோடு மேல்மாடியின் சிறு அறை ஒன்றுக்குப் போனேன். ஸ்கொட்லாந்துக் கலைஞர் கேட்டி பேட்டர்சன் 2014 இல் தொடங்கிய எதிர்கால நூலகம் என்ற திட்டத்தின் அறை அது. ஒஸ்லோவுக்கு வடக்கே நூர்மார்க்கா காட்டில் 1,000 மரக்கன்றுகளை நட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஓர் எழுத்தாளர் தாம் எழுதிய ஒன்றை, யாரும் படிக்காத கைப்பிரதியாக ஒப்படைக்கிறார். முதலாமவர் கனடாவின் மார்கரெட் அட்வுட். ஐந்தாமவர் தென்கொரியாவின் ஹான் காங். 2114 இல் அந்த மரங்களை வெட்டிக் காகிதமாக்கி நூறு நூல்களையும் அச்சிடுவார்கள். காட்டில் வெட்டிய மரங்களின் பலகைகளை நூறு அடுக்குகளாக வளைத்து அந்த அறையைச் செய்திருக்கிறார்கள்; அடுக்குக்கு ஒன்றாகக் கண்ணாடி இழுப்பறைகள், அவற்றில் எழுத்தாளரின் பெயரும் ஆண்டும். விருப்பமான மொழியில் எழுதலாம் என்பது விதி. பேரன் கண்ணாடியில் மூக்கு முட்ட நின்று பெயர்களை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தான். "தமிழில எழுதின ஆரும் இருக்கினமோ, அம்மம்மா?" என்று கேட்டான். நானும் குனிந்து முதலிலிருந்து பார்த்தேன். இல்லை. எண்பதுக்கும் மேற்பட்ட இழுப்பறைகள் இன்னும் வெறுமையாக இருந்தன.